அறுத்த ஸ்பிரிங்கும் அப்பாவின் மனுவும்

அப்பாவும் அம்மாவும் காசிக்குப் போயிருந்த பதினோரு நாளில் நானும் தம்பியும் சேர்ந்து அப்பாவின் காரை நாலு விரல் உயரம் இறக்கிவிட்டோம். எதற்காக என்று யாராவது கேட்டால் இன்றைக்கும் என்னிடம் உருப்படியான பதில் இல்லை. பார்க்க நன்றாக இருக்கும் என்று தோன்றியது, அவ்வளவுதான்.

அப்போது எனக்கு முப்பத்தொரு வயது. வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீசில், மனுக்கள் வருகிற பிரிவில் உதவியாளர் வேலை. வீடும் வேங்கிக்காலிலேயே இருந்ததால் நடந்தே போய்விடுவேன். தம்பி என்னைவிட ஐந்து வயது சின்னவன். டிப்ளமா முடித்துவிட்டு டிராக்டர் ஷோரூம் ஒன்றில் சர்வீஸ் பார்த்துக்கொண்டிருந்தான். இரண்டு பேருக்குமே இந்தக் காரியத்தைச் செய்ய வெட்கமாக இருந்திருக்க வேண்டிய வயது. துளிகூட இல்லை.

அப்பாவின் கார் ஒரு காலத்தில் டாக்சியாக ஓடி எல்லார் கண்ணிலும் பட்ட ரகம். வட்டமான இரண்டு முன்விளக்கு, ஸ்டீயரிங்குக்குப் பக்கத்திலேயே கியர், சோபா மாதிரி நீளமான முன்சீட்டு. தந்த நிறம். அப்பா துணை தாசில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். காரையும் ஒரு முக்கியமான ஃபைலைப் போலத்தான் வைத்திருந்தார். யாரும் தொடக்கூடாது, எதுவும் மாறக்கூடாது. முப்பது கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டமாட்டார். வீட்டு வாசலில் இருந்து தெருவுக்கு வரும்போதுகூட இண்டிகேட்டர் போடுவார். தெருவில் அந்த நேரத்தில் ஒரு மாடுதான் நிற்கும்.

கிளம்பும்போது சாவியை என் கையில் கொடுத்தார்.

"தினம் காலைல பத்து நிமிஷம் ஸ்டார்ட் பண்ணி வை. இல்லாட்டி பேட்டரி உக்காந்துடும். கேட்டைத் தாண்டக் கூடாது. அவன் கையில குடுக்காத."

அவன் என்றது தம்பியை. நான் கவர்மெண்ட் உத்தியோகத்தில் இருப்பதால் பொறுப்பானவள் என்று அப்பாவுக்கு ஒரு நம்பிக்கை.

இரண்டாம் நாள் காலையில் நான் காரை ஸ்டார்ட் பண்ணிவிட்டுப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். தம்பி போனை நீட்டினான். அதில் அப்பாவின் கார் மாதிரியே ஒரு கார். ஆனால் தரையோடு தரையாக, சக்கரங்கள் பாதி மறைந்து, பூனை பாயப் போகிற மாதிரி பதுங்கி நின்றது.

"இது எப்படிடா இப்படி இருக்கு?"

"முன்னாடி ஸ்பிரிங்கை அறுத்துருக்காங்க. பின்னாடி அடுக்கடுக்கா இருக்கற ஸ்பிரிங் பட்டையில ரெண்டு எடுத்துருக்காங்க. அவ்ளோதான்க்கா."

நான் எங்கள் காரைப் பார்த்தேன். இத்தனை வருஷமாகத் தெரியாத ஒன்று அப்போதுதான் தெரிந்தது. அது வேட்டியை முழங்காலுக்கு மேலே தூக்கிக் கட்டிக்கொண்டு சேற்றில் நடக்கிறவரைப் போல நின்றுகொண்டிருந்தது.

"எவ்ளோ நேரம் ஆகும்?" என்று கேட்டேன்.

தம்பிக்கே அதிர்ச்சி. நான் திட்டுவேன் என்று நினைத்து, அதற்கான பதில்களைத் தயார் பண்ணி வைத்திருந்தானாம். எல்லாம் வீணாகப் போயிற்று.

ஞாயிற்றுக்கிழமை காலை கேட்டைத் தாண்டினோம். நான்தான் ஓட்டினேன். செங்கம் ரோட்டில் இருந்து உள்ளே திரும்பும் ஒரு சந்தில் அப்பாவின் வழக்கமான மெக்கானிக்குக்கு ஷெட். ஐம்பது வயது மனிதர். அந்தக் காரின் உடம்பு அவருக்கு மனப்பாடம். விஷயத்தைச் சொன்னதும் கையைத் துடைத்துக்கொண்டு எங்களை மாறி மாறிப் பார்த்தார்.

"சாருக்குத் தெரியுமா?"

"தெரியும்ணா. அவருக்கு ஒரு சர்ப்ரைஸ்" என்றான் தம்பி.

"தெரிஞ்சா அது எப்படிடா சர்ப்ரைஸு?"

நான் முன்னால் வந்தேன். "அண்ணா, எல்லாம் என் பொறுப்பு. ஏதாவது ஆச்சுன்னா நான் சொல்லிக்கிறேன்."

அவர் சுவரோரம் கிடந்த ஜாக்கியைத் திரும்பிப் பார்த்தார். அப்புறம் ஒரு மாதிரி சிரித்தார். அவருக்கும் அறுத்துப் பார்க்க வேண்டும் என்று ஆசை இருந்திருக்கிறது, கேட்க ஆள்தான் இல்லை என்று எனக்குப் பட்டது.

ஜாக்கி போட்டுத் தூக்கி, சக்கரத்தைக் கழற்றினார். உள்ளே கட்டைவிரல் பருமன் கம்பி சுருண்டு சுருண்டு கறுப்பாக உட்கார்ந்திருந்தது. அதைக் கழற்றுவதற்கு முன்னால் ஒரு சங்கிலியால் சுற்றிக் கட்டினார்.

"இது இத்தனை வருஷமா அடக்கி வெச்ச கோவம்மா. தெறிச்சா மூஞ்சி இருக்காது. தள்ளி நில்லுங்க."

கேஸ் வைத்து அறுத்தால் சீக்கிரம் ஆகுமே என்று கேட்ட தம்பியை அவர் பரிதாபமாகப் பார்த்தார். "சூடு பட்டா கம்பி செத்துடும். அப்பறம் ஸ்பிரிங்கா இருக்காது, வெறும் கம்பியாதான் இருக்கும். கிரைண்டர்தான்."

இடது பக்க ஸ்பிரிங்கில் தம்பி ஒரு சுற்று அறுத்தான். வலது பக்கத்தை நான் அறுப்பேன் என்று பிடிவாதம் பிடித்தேன். கண்ணாடி மாட்டி, கையுறை கொடுத்து, என் பின்னாலேயே நின்றுகொண்டார் மெக்கானிக். கிரைண்டர் கம்பியைத் தொட்டதும் மத்தாப்பு மாதிரி பொறி பறந்தது. எத்தனையோ வருஷமாக நாற்காலியில் உட்கார்ந்து 'தக்க நடவடிக்கைக்காக அனுப்பப்படுகிறது' என்று எழுதிக்கொண்டிருந்த கை அது. அறுபட்ட துண்டு டங்கென்று கீழே விழுந்தபோது எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தை வெளியே சொன்னால் தப்பாக நினைப்பார்கள்.

இரண்டையும் மாட்டிக் காரை இறக்கினோம். கார் இடது பக்கமாகச் சாய்ந்து நின்றது.

"நீதான்க்கா கம்மியா அறுத்துட்ட."

"நீதான்டா ஜாஸ்தி அறுத்திருக்க."

மறுபடி கழற்றி, வலது பக்கத்தில் கால் சுற்று எடுத்தோம். இப்போது வலது பக்கம் சாய்ந்தது. இடது பக்கத்தில் அரை. மறுபடி வலது பக்கம். சலூனில் கிருதாவைச் சரி பண்ணுகிறேன் என்று ஆரம்பித்து இரண்டு பக்கமும் காதுக்கு மேலே போய்விடுகிற கதைதான். ஒரு சுற்று என்று ஆரம்பித்தது ஒன்றேமுக்கால் சுற்றில் வந்து நின்றது. மெக்கானிக் கிரைண்டரைப் பிடுங்கி வைத்துக்கொண்டார்.

"போதும். இன்னொரு தடவை சரி பண்ணீங்கன்னா அடியில சக்கரம் வெச்ச பலகையாதான் வீட்டுக்குப் போவும்."

பின்னாலும் இரண்டு பட்டைகளை எடுத்துவிட்டு மாட்டினார். வெளியே தள்ளிக் கொண்டுவந்து நிறுத்தினோம். உண்மையைச் சொல்கிறேன், கார் அப்படி ஒரு அழகாக இருந்தது. பழைய நடிகர் ஒருவர் மீசையை எடுத்துவிட்டு இளமையாக வந்து நிற்கிற மாதிரி. வீடு திரும்பும் வழியில் ரமணாசிரமத்துக்கு எதிரே டீ குடித்துக்கொண்டிருந்த ஒரு வெள்ளைக்காரர் எழுந்து நின்று பார்த்தார். பைக்கில் போன இரண்டு பையன்கள் கட்டை விரலைத் தூக்கிக் காட்டினார்கள். நாங்கள் இரண்டு பேரும் ராஜா ராணி மாதிரி உட்கார்ந்திருந்தோம்.

முதல் வேகத்தடை வந்தது. அடியில் இருந்து கர்ர்ரென்று ஒரு சத்தம். யாரோ இரும்புக் கட்டிலை மொட்டைமாடியில் இழுத்தது போல.

"நீ எறங்குக்கா. வெயிட் கம்மியானா தட்டாது" என்றான் தம்பி. அப்போது ஸ்டீயரிங் அவன் கையில்.

இறங்கினேன். கார் மெதுவாக ஏறி இறங்கியது. நான் நடந்து போய் ஏறிக்கொண்டேன். அடுத்த தடை. மறுபடி இறங்கினேன். வீடு வருவதற்குள் ஏழு தடவை இறங்கி ஏறினேன். எங்கள் தெரு முனையில் எதிர்வீட்டுக்காரர் பார்த்துவிட்டார்.

"என்னம்மா, காரு நின்னுபோச்சா?"

"இல்ல அங்கிள், வாக்கிங்."

காருக்குப் பின்னால் வாக்கிங் போகிறவளை அவர் அதற்கு முன் பார்த்திருக்க மாட்டார்.

அப்பாவும் அம்மாவும் திரும்பி வந்தார்கள். கங்கைத் தீர்த்தச் சொம்பு, ருத்ராட்சம், ரயிலில் பக்கத்து சீட்டுக்காரரோடு அப்பாவுக்கு வந்த சண்டை எல்லாம் இறக்கி வைத்த பிறகு, அப்பா காபியோடு கார் பக்கம் போனார். நானும் தம்பியும் ஜன்னல் வழியாகப் பார்த்தோம். அவர் ஒரு சுற்று வந்தார். நின்றார். இன்னொரு சுற்று வந்தார்.

"ஏம்மா, தினம் ஸ்டார்ட் பண்ணியா?"

"பண்ணேன்பா."

"டயர்ல காத்து கம்மியா இருக்கும்போல. எறங்கின மாதிரி தெரியுது."

"நிக்கிற வண்டில காத்து எறங்கும்பா" என்றான் தம்பி. அது பொய் இல்லை. அதனால்தான் அதை அவ்வளவு தைரியமாகச் சொன்னான்.

மறுநாள் காலை காற்று அடித்துக்கொண்டு, காபித்தூள் வாங்க டவுனுக்குப் போனார் அப்பா. அரைமணி நேரத்தில் திரும்பினார். முகம் சிவந்திருந்தது.

"ரோட்டை என்னடா பண்ணி வெச்சிருக்கானுங்க? ஸ்பீட் பிரேக்கர் ஒவ்வொண்ணும் மலை மாதிரி இருக்கு. அடியில உராயுது. போறதுக்கு முன்னாடி இப்படி இல்லையே!"

இருபது வருஷமாக ஓட்டுகிற காரில் கோளாறு என்று நம்புவதைவிட ஊரில் கோளாறு என்று நம்புவது அப்பாவுக்குச் சுலபமாக இருந்தது. அந்த நிமிஷத்தில் நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். வாயைத் திறக்கக்கூடச் செய்தேன். அதற்குள் தம்பி முந்திக்கொண்டான்.

"ஆமாப்பா. நீங்க போன வாரமே ஏத்திட்டாங்க."

டிபன் சாப்பிட்டுக்கொண்டிருந்த மேஜைக்கு அடியில் அவன் காலை மிதித்தேன். லேட்.

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும்."

ஒன்றிரண்டு என்று சொல்லித் தொலைத்திருக்கலாம் அந்தப் பாவி.

அன்று சாயங்காலமே அப்பா எதிர்வீட்டுக்காரரிடம் பேச்சுக் கொடுத்தார். "ஸ்பீட் பிரேக்கரையெல்லாம் ஏத்திட்டாங்க, கவனிச்சீங்களா?" அவர் ஒரு கணம்தான் யோசித்தார். "அதானே பாத்தேன்! பத்து நாளா முதுகு வலி சார். எதனாலன்னே தெரியல." அவர் சொன்னதைக் கேட்ட பக்கத்துவீட்டு டீச்சரம்மாவும் ஸ்கூட்டியில் போகும்போது டிபன் பாக்ஸ் குதிக்கிறது என்றார். தெரு முனை ஆட்டோக்காரர், தன் வண்டியில் வந்த ஒரு அம்மாவுக்குத் தலை மேலே இடித்ததையே ஆதாரமாகச் சொன்னார். இரண்டு நாளில் எங்கள் தெருவில் ஒருத்தர் பாக்கியில்லாமல் எல்லார் உடம்பும் வலித்தது.

திங்கட்கிழமை குறைதீர் கூட்டம். கலெக்டர் ஆபீசில் கூட்டம் நெரியும் நாள். மனுக்களை வாங்கி எண் போட்டுப் பதிவு செய்யும் மேஜையில் நான். வரிசையைத் தற்செயலாக நிமிர்ந்து பார்த்தேன். வெள்ளைச் சட்டை, மடித்த குடை, கையில் கோப்பு. அப்பா. பின்னால் எதிர்வீட்டுக்காரர், டீச்சரம்மா, ஆட்டோக்காரர்.

அப்பா என்னைத் தெரிந்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை. மேஜைக்கு வந்ததும் மனுவை நீட்டினார்.

"அப்பா..." என்றேன் மெதுவாக.

"இங்க நான் அப்பா இல்ல, மனுதாரர். நம்பர் போடுங்க."

போட்டேன். அவருடைய முத்து முத்தான கையெழுத்து. பொருள்: வேகத்தடைகளின் உயரம் முன்னறிவிப்பின்றி உயர்த்தப்பட்டமை – உயரத்தைக் குறைத்துத் தரக் கோருதல் – தொடர்பாக. கீழே பதினான்கு பேர் கையொப்பம். படிக்கப் படிக்க எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் மனுவைக் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டால் அதைக் காணாமல் போக்க முடியாது. நான் நினைத்தாலும் முடியாது. அதைச் சாலை பார்க்கிற ஆபீசுக்கு நானே அனுப்பினேன். தக்க நடவடிக்கைக்காக.

அன்று வீட்டுக்குப் போனதும் எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்றுதான் இருந்தேன். ஆனால் அப்பா சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து, அடுத்து யாருக்கு நினைவூட்டுக் கடிதம் எழுதவேண்டும், நகல் யாருக்கு என்று அம்மாவிடம் விளக்கிக்கொண்டிருந்தார். கண்ணில் ஒரு வெளிச்சம். ரிடையர் ஆனபிறகு அவர் இவ்வளவு சுறுசுறுப்பாக இருந்து நான் பார்த்ததில்லை. மூன்றாவது தோசை கேட்டார். எப்போதும் இரண்டுதான் சாப்பிடுவார்.

"சொல்லிடலாமாடா?" என்று தம்பியிடம் அப்புறம் கேட்டேன்.

"எதுக்குக்கா? நல்லா சாப்பிடறாரு, விடு."

இரண்டு வாரம் கழித்து ஆய்வுக்குத் தேதி வந்தது. மனுதாரர் நேரில் இருக்கவேண்டும். அப்பா பட்டுக்கரை வேட்டி கட்டினார். நான் ஒரு மணி நேரம் பர்மிஷன் போட்டுக்கொண்டு போனேன். தம்பிக்கு அன்று பார்த்து ஷோரூமில் பயங்கர வேலை.

சாலை ஆபீசில் இருந்து வந்தவர் ஒரு இளம் பெண் என்ஜினியர். ஸ்கூட்டியில் வந்து இறங்கி, ஹெல்மெட்டைக் கழற்றி, பையில் இருந்து நீளமான அலுமினியச் சட்டமும் டேப்பும் எடுத்தார். ஒவ்வொரு வேகத்தடையாக அளந்துகொண்டு போனார். எங்கள் காரும் பின்னாலேயே கர்ர் கர்ரென்று போனது.

முதல் தடை சரியாக இருந்தது. இரண்டாவதும் சரி. மூன்றாவது தடை, விதியில் சொன்னதைவிடக் கொஞ்சம் கம்மி. அப்பாவின் முகம் வாடிக்கொண்டே வந்தது. எதிர்வீட்டுக்காரர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, "டேப்பு சரியா இருக்காம்மா?" என்று கேட்டார்.

ஆறாவது தடை ஒரு வளைவில் இருந்தது. சிமென்ட்டைக் குவித்துப் பூசியது. என்ஜினியர் சட்டத்தை வைத்து அளந்தார். மறுபடி அளந்தார்.

"இது நாங்க போட்டது இல்ல சார். யாரோ அக்கம்பக்கத்துல அவங்களே போட்டிருக்காங்க. ரொம்ப ஜாஸ்தி. கண்டிப்பா எடுக்கணும்."

அப்பா நிமிர்ந்தார். "பாத்தீங்களா!" என்றார் எல்லாரையும் பார்த்து.

"உங்க வண்டியை ஒருதடவை மேல ஏத்திக் காட்டுங்க சார். எவ்ளோ தட்டுதுன்னு குறிப்பு எழுதிக்கிறேன்."

அப்பா ஏற்றினார். அந்தச் சத்தத்தில் பக்கத்து மரத்துக் காக்கைகள் பறந்தன. என்ஜினியர் குனிந்தார். அப்புறம் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். போன் டார்ச்சைப் போட்டு முன்சக்கரத்துக்குப் பின்னால் பார்த்தார். நான் ஊருக்குப் பின்னால் தெரியும் மலையைப் பார்த்தேன். மலை மேல் வெயில் நன்றாக அடித்துக்கொண்டிருந்தது.

"சார், வண்டி ஏன் இவ்ளோ தாழ்வா இருக்கு?"

"பழைய வண்டிம்மா. வயசாச்சு."

"வயசானா ஸ்பிரிங் தளரும் சார். அறுபடாது. இதை யாரோ கிரைண்டர் போட்டு அறுத்திருக்காங்க. எங்க சித்தப்பா வொர்க்‌ஷாப் வெச்சிருக்காரு, நான் பாத்திருக்கேன். இங்க பாருங்க, முனை கத்தி வெச்ச மாதிரி இருக்கு. இப்ப சமீபத்துல பண்ணது."

அப்பாவும் வேட்டியை மடித்துக்கொண்டு குனிந்து பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். எழுந்து என் பக்கம் திரும்பினார். மலையில் பார்ப்பதற்கு எனக்கு இன்னும் நிறைய இருந்தது.

எதிர்வீட்டுக்காரர் இருமினார். ஆட்டோக்காரர் போன் வராமலேயே போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டார். அப்பா தோற்றுப்போய்விட்டார் என்று நினைத்தேன். எல்லார் முன்னாலும் இப்படிச் செய்துவிட்டேனே என்று அப்போதுதான் முதல்முறையாக உறைத்தது.

அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"என் காரு பள்ளமா இருக்கறது என் வீட்டு விவகாரம்மா. இந்தத் தடை மேடா இருக்கறது ஊர் விவகாரம். நீங்க ஊர் விவகாரத்தை எழுதுங்க. வீட்டு விவகாரத்தை நான் பாத்துக்கறேன்."

என்ஜினியர் சிரிப்பை அடக்கிக்கொண்டு எழுதினார்.

அன்று வீட்டில் அப்பா ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் கத்தினால் பழக்கம். இந்த மௌனம் புதுசு. தம்பி விஷயம் கேள்விப்பட்டு வீட்டுக்கே வராமல் கீழ்பென்னாத்தூரில் ஒரு விவசாயியின் டிராக்டரைப் பார்க்கப் போய்விட்டான். யாரும் கூப்பிடாமலேயே.

மறுநாள் காலை என் காபி டம்ளருக்கு அடியில் ஒரு வெள்ளைத் தாள். தம்பியின் டம்ளருக்கு அடியில் இன்னொன்று. பிரித்தேன். கவர்மெண்ட் ஊழியர்களை நடுங்கவைக்கும் 17பி குற்றக் குறிப்பாணை. இந்தக் காலத்தில் கலெக்டர் ஆபீசிலேயே இவ்வளவு சுத்தமாக யாரும் எழுதுவதில்லை. உரிமையாளரின் முன் அனுமதியின்றி வாகனத்தைக் கேட்டுக்கு வெளியே கொண்டு சென்றமை. மேற்படி வாகனத்தின் ஸ்பிரிங்குகளை அறுத்துச் சேதப்படுத்தியமை. தவறான தகவல் அளித்து மனுதாரரைப் பொதுமக்கள் முன்னிலையில் தலைகுனியச் செய்தமை. ஏன் தங்கள் மீது ஒழுங்கு நடவடிக்கை எடுக்கக்கூடாது என்பதற்கான விளக்கத்தை ஏழு நாட்களுக்குள் எழுத்து மூலம் அளிக்க வேண்டும். விசாரணை அலுவலர் என்ற இடத்தில் அம்மாவின் பெயர்.

மூன்று நாள் கழித்து நான் உட்கார்ந்து பணிவோடு விளக்கம் எழுதினேன். பார்வையில் கண்ட குறிப்பாணையின்படி, எனது தம்பியின் தூண்டுதலின் பேரிலேயே மேற்படி செயலில் ஈடுபட நேர்ந்தது என்றும், மனுதாரரின் மனம் புண்பட்டதற்கு உண்மையாகவே வருந்துகிறேன் என்றும். கடைசி வரியை நாலு தடவை அடித்து எழுதினேன். அது மட்டும் ஆபீஸ் பாஷையில் வரவில்லை.

தம்பி என் தாளை வாங்கி வரி மாறாமல் அப்படியே காப்பி அடித்துவிட்டான். எனது தம்பியின் தூண்டுதலின் பேரிலேயே என்பது உட்பட.

அப்பா இரண்டையும் படித்தார். இரண்டாவதைப் படிக்கும்போது மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"டேய், உனக்கு ஏதுடா தம்பி? எனக்குத் தெரியாம எங்கடா இருக்கான்?"

அம்மா சமையலறையில் சிரித்தது கேட்டது. அதுதான் நாலு நாளுக்குப் பிறகு அந்த வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு. அப்பாவும் சிரித்துவிட்டார். சிரித்துவிட்டோமே என்று கோபமும் பட்டார்.

விசாரணை அலுவலர் ஒரு நாள் காரில் ஏறி உட்கார்ந்து பார்த்து வாக்குமூலம் கொடுத்தார். "ஏங்க, ஏறி உக்காற சுகமாதான் இருக்கு. எறங்கறதுக்குத்தான் ரெண்டு பேர் வேணும்."

தண்டனை வாய்மொழியாக வந்தது. பழைய மாதிரியே ஆக்கித் தரவேண்டும். அந்தக் காருக்கு இப்போது எங்கே ஸ்பிரிங் கிடைக்கும்? தம்பி சென்னையில் புதுப்பேட்டைக்கு இரண்டு தடவை போய், பழைய இரும்புக் கடைகளில் குடைந்து, ஒரு ஜோடி பிடித்துக்கொண்டு வந்தான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அதே ஷெட். இந்தத் தடவை அப்பாவும் வந்து நாற்காலி போட்டு உட்கார்ந்தார். மெக்கானிக் எங்களைக் கண்ணெடுத்தும் பார்க்கவில்லை. அப்பா கேட்பதற்கு முன்னாலேயே, "நான் வேணாம்னுதான் சொன்னேன் சார்" என்று அப்பட்டமாகப் பொய் சொன்னார்.

ஸ்பிரிங் மாட்டி, பட்டைகளையும் திரும்பச் சேர்த்துக் காரை இறக்கினார்கள். அந்த ஸ்பிரிங் அதிகம் உழைக்காதது போல. கார் முன்னைவிட உயரமாக, கால் கட்டைவிரலில் எக்கி நிற்கிற மாதிரி நின்றது. அப்பா எழுந்து ஒரு சுற்று வந்தார். தள்ளிப்போய் நின்று பார்த்தார். கிட்டே வந்து பார்த்தார்.

"கொஞ்சம் தூக்கலா இருக்கோ?"

பதில் சொல்ல எங்களுக்கு அருகதை இல்லை.

"அன்னிக்கு ஆசிரமத்துக்கிட்ட ஒரு வெள்ளைக்காரரு வண்டியை நிறுத்தச் சொல்லி போட்டோ எடுத்துக்கினாரு. நான் என்னமோ ஏதோன்னு நினைச்சேன்" என்றார் பொதுவாக. பிறகு மெக்கானிக் பக்கம் சாய்ந்து குரலைத் தணித்தார். "ஒரு அரை சுத்து எடுத்தா வண்டிக்கு ஏதாவது கெடுதலா?"

மெக்கானிக் கிரைண்டரின் ஒயரை ஏற்கனவே பிரித்துக்கொண்டிருந்தார்.

"அரை சுத்து ஒண்ணும் பண்ணாது சார். நான்தான் அறுப்பேன். ரெண்டு பக்கமும் அளந்துதான் அறுப்பேன். இவங்க ரெண்டு பேரும் கேட்டுக்கு வெளிய நிக்கட்டும்."

வெளியே நின்றோம். உள்ளே கிரைண்டர் சத்தம் கேட்டது. நடுவில் அப்பாவின் குரல்: "நானும் ஒரு செகண்ட் புடிச்சுப் பாக்கட்டுமா?"

தம்பி என்னைப் பார்த்தான். நான் அவன் வாயைப் பொத்தினேன்.

கொஞ்ச நாளில் மனுவுக்குப் பதில் வந்தது. வளைவில் இருந்த அந்த ஒரே ஒரு தடை அகற்றப்பட்டுவிட்டதாக. அப்பா அந்தக் கடிதத்தைத் தெருவில் எல்லாருக்கும் காட்டினார். எதிர்வீட்டுக்காரர் எல்லாத் தடையுமே இப்போது இறங்கிவிட்டதாகவும் முதுகு வலி போய்விட்டதாகவும் சொன்னார். டீச்சரம்மாவின் டிபன் பாக்ஸும் குதிப்பதில்லையாம். அப்பா அவர்களைத் திருத்தவில்லை. அதற்குப் பிறகு குடிநீர் அழுத்தம், தெருவிளக்கு என்று மாதம் ஒரு மனு வர ஆரம்பித்தது. ஒவ்வொன்றுக்கும் நான்தான் நம்பர் போடுகிறேன்.

என்மேல் உள்ள குற்றச்சாட்டு மட்டும் காகிதத்தில் இன்னும் முடியவில்லை. விசாரணை அலுவலர் அறிக்கை தரவில்லை. அப்பா கேட்கும்போதெல்லாம் அம்மா, "விசாரிச்சுக்கினே இருக்கேன்" என்கிறாள். போன மாதம் ஒரு கல்யாணத்துக்குப் போகக் காரைக் கேட்டேன்.

"உம்மேல சார்ஜ் நிலுவையில இருக்கும்மா. சாவி குடுக்க விதியில இடம் இல்ல."

"அப்போ எப்படிப்பா போறது?"

அப்பா சட்டையை மாட்டிக்கொண்டே வாசலுக்கு வந்து, காரின் இடது பக்க முன்கதவைத் திறந்துவிட்டு, நான் ஏறும்வரைக்கும் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.